சட்டம் இருக்கட்டும், பணம் எங்கே?



குப்பைக்காக ஒதுக்கிய பணத்தைக் காப்பாற்ற ஒரு நகரம் தன் மாநில அரசோடு மல்லுக்கு நின்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அமெரிக்காவில் விஸ்கான்சின் என்றொரு மாநிலம். அதன் தலைநகரம் மேடிசன். மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் சட்டமன்றக் கட்டடம் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்கிறது. 2011 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பனியில் பல்லாயிரம் பேர் திரண்டு நின்றதை உங்களில் சிலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் ஸ்காட் வாக்கர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டுப்பேர உரிமையைச் சுருக்கும் மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். ஆசிரியர்களும் மாணவர்களும் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே இரவுகளில் படுத்துக் கிடந்தார்கள்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில், மார்ச் 1 அன்று, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான நிதிநிலை அறிக்கையை ஆளுநர் வைத்தார். பள்ளிகளுக்கு வெட்டு, பல்கலைக்கழகத்துக்கு வெட்டு என்று நீண்ட பட்டியலின் ஓரத்தில் இன்னொரு வெட்டும் இருந்தது. ஊர்களின் மறுசுழற்சிப் பணிக்கு மாநிலம் ஆண்டுதோறும் கொடுத்துவந்த மானியம், ஏறக்குறைய 3 கோடி டாலர், முழுவதும் நிறுத்தம்.

ஆசிரியர் சம்பளத்துக்கும் ஏழைகளின் மருத்துவ உதவிக்கும் முன்னால் பழைய பேப்பரும் காலி பாட்டிலும் ஒரு விஷயமா என்று கேட்கத் தோன்றும். அப்படித் தோன்றுவதால்தான் இத்தகைய வெட்டுகள் சத்தமில்லாமல் நிறைவேறிவிடுகின்றன. மேடிசன் நகரம் இதை ஏன் விடவில்லை என்று புரிய வேண்டுமானால், அந்த ஊருக்கும் குப்பைக்கும் உள்ள பழைய உறவைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1968-ல் மேடிசனில் ஒரு சோதனை தொடங்கியது. வீட்டுக்காரர்கள் படித்து முடித்த செய்தித்தாள்களைக் கட்டி வாசலில் வைத்தால் நகராட்சி வண்டி வந்து தனியாக எடுத்துப்போகும். அமெரிக்காவில் வீட்டு வாசலிலிருந்து செய்தித்தாளைத் தனியே சேகரித்த முதல் நகரத் திட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த ஊரில் அது தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. 1910 முதல் அமெரிக்க வனத்துறையின் வனப்பொருள் ஆய்வகம் மேடிசனில்தான் இயங்கிவருகிறது. மரம், கூழ், காகிதம் ஆகியவற்றை ஆராய்வது அதன் வேலை. வடகிழக்கே ஃபாக்ஸ் ஆற்றின் கரையில் நீனா, ஆப்பிள்டன், கிரீன் பே என்று வரிசையாகக் காகித ஆலைகள். காகித உற்பத்தியில் அந்த நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாநிலம் அது. கிரீன் பேயின் ஃபோர்ட் ஹோவர்ட் ஆலை பழைய காகிதத்தை ஊறவைத்து, மை நீக்கி, துடைதாள் செய்து பெரிய நிறுவனமாக வளர்ந்தது. வாசலில் கட்டி வைத்த பேப்பருக்கு அந்த மாநிலத்துக்குள்ளேயே வாங்க ஆளிருந்தது. மறுசுழற்சி அங்கே நல்லெண்ணக்காரர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை; ஆலைக்கு மூலப்பொருள், ஊருக்கு வேலை என்ற கணக்கோடு தொடங்கியது. 2011-ல் இந்தக் கணக்கை அரசு மறந்துவிட்டது என்பது என் முதல் வருத்தம்.

இரண்டாவது விஷயம் தண்ணீர். மேடிசன்காரர்கள் இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே வாழ்ந்தாலும் ஏரித் தண்ணீரைக் குடிப்பதில்லை. நகரத்தின் குடிநீர் முழுவதும் நிலத்தடியிலிருந்து, ஆழத்தில் இருக்கும் மணற்கல் அடுக்குகளிலிருந்து வருகிறது. மாநில மக்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறார்கள். குப்பையைப் புதைத்தால் மழைநீர் அதனூடே இறங்கிக் கறுப்புச் சாறாகக் கசியும், கீழே போகும். ஓலின், கிரீன்ட்ரீ, சைக்கமோர், டெமெட்ரல், மினரல் பாயின்ட் என்று ஐந்து பழைய குப்பைக் கிடங்குகளை அந்த நகராட்சி மூடி, மண் போட்டு, வாயுவை வெளியேற்றி, இன்றுவரை கண்காணித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்காணிப்புக்காக நகரவாசிகளின் மாதக் கட்டணச் சீட்டில் தனியாக ஒரு தொகை சேர்கிறது. தாத்தா காலத்தில் கொட்டியதற்குப் பேரன் காசு கட்டுகிறான். இப்படிக் கட்டிக்கொண்டிருக்கும் ஊரிடம் போய், மறுசுழற்சிக்குக் காசு இல்லை, வேண்டுமானால் புதைத்துக்கொள் என்று சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

இனி 1990-க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஏப்ரலில் விஸ்கான்சின் ஒரு முழுமையான மறுசுழற்சிச் சட்டத்தை இயற்றியது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் டாமி தாம்சன், குடியரசுக் கட்சிக்காரர். சட்டமன்றம் அப்போது ஜனநாயகக் கட்சியின் கையில். இரு தரப்பும் சேர்ந்து செய்தது அது. படிப்படியாகப் புதைகுழிக்குள் போகக் கூடாத பொருள்களின் பட்டியல் வந்தது. முதலில் வண்டி பேட்டரி, கழிவு எண்ணெய், குளிர்பதனப் பெட்டி போன்ற சாமான்கள். 1993-லிருந்து தோட்டத்துப் புல்லும் இலையும். 1995-லிருந்து செய்தித்தாள், அட்டைப்பெட்டி, அலுவலகக் காகிதம், கண்ணாடி, அலுமினிய டப்பா, பிளாஸ்டிக் பாட்டில், டயர். நம் ஊரில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுங்கள் என்கிறார்கள் அல்லவா, அங்கே இந்தப் பொருள்களைப் புதைப்பதே சட்டவிரோதம் ஆயிற்று.

தடை போட்டால் போதுமா? யார் சேகரிப்பது? ஊராட்சி, நகராட்சி, வட்டம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் பொறுப்பேற்க வேண்டும் என்றது சட்டம். அவை வண்டி வாங்க வேண்டும், பிரிக்குமிடம் அமைக்க வேண்டும், ஆள் போட வேண்டும், மக்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இவ்வளவையும் உள்ளாட்சிகள் சொந்தக் காசில் செய்யட்டும் என்று விட்டிருந்தால் அந்தச் சட்டம் நிறைவேறியே இருக்காது. அதனால் மாநிலம் மானியம் தருவதாக ஒப்புக்கொண்டது. அந்த மானியத்துக்காகத் தொழில் நிறுவனங்கள் மீது ஒரு மிகைவரி விதித்தார்கள். பிற்பாடு குப்பைக் கிடங்கில் கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கட்டணத்தையும் சேர்த்தார்கள். தடை மாநிலத்துடையது, உழைப்பு ஊருடையது, செலவில் ஒரு பங்கு மாநிலத்துடையது. இதுதான் உடன்படிக்கை.

கொட்டும் கட்டணத்தைப் பற்றி இன்னும் சில நிமிடம் பேச அனுமதி கேட்கிறேன். இந்தக் கதையின் சுவையான பகுதி இதுதான்.

விஸ்கான்சினுக்குத் தெற்கே இல்லினாய் மாநிலம், சிகாகோ. அந்தப் பக்கத்துக் குப்பை லாரி லாரியாக எல்லை தாண்டி விஸ்கான்சினின் கிடங்குகளுக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் மக்கள் பிரித்துக் கொடுக்கிறார்கள், நீங்கள் பிரிக்காமல் கொண்டுவந்து கொட்டுகிறீர்களே என்று விஸ்கான்சினுக்குக் கோபம். வெளிமாநிலக் குப்பையாக இருந்தாலும் அது புறப்பட்ட ஊரில் ஒழுங்கான மறுசுழற்சித் திட்டம் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். குப்பை வணிகர்களின் சங்கம் வழக்குப் போட்டது. 1995-ல் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளிவிட்டது. மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தைத் தடுக்க ஒரு மாநிலத்துக்கு உரிமை இல்லை. அந்த விதிக்குக் குப்பையும் வணிகப் பொருள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே நியூ ஜெர்சி வழக்கில் சொல்லியிருந்தது.

தடுக்க முடியாவிட்டால் விலையை ஏற்றலாம், சொந்த மாநிலக் குப்பைக்கும் வெளிமாநிலக் குப்பைக்கும் ஒரே விலை. மறுசுழற்சிக்கான கட்டணம் படிப்படியாக ஏறி 2009-ல் டன்னுக்கு 7 டாலர் ஆனது. மற்ற மாநிலக் கட்டணங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 13 டாலர். அதன்பின் தெற்கிலிருந்து வந்த லாரிகள் கணிசமாகக் குறைந்தன. நீதிமன்றத்தில் தோற்றதைக் கட்டணம் ஓரளவு சாதித்தது. இதைவிட அழகான பொதுநிதி ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. புதைப்பவன் கட்டுகிறான், பிரிப்பவனுக்குப் போகிறது, கட்டணம் கூடக் கூடப் புதைப்பது குறைகிறது.

அந்த மாநிலத்துக்கு இத்தகைய ஏற்பாடு புதிதும் அல்ல. 1961-ல் அங்கே ஆளுநராக இருந்த கேலார்ட் நெல்சன், பின்னாளில் புவி நாளைத் தொடங்கியவர், சிகரெட் பாக்கெட்டுக்கு ஒரு சென்ட் வரி போட்டு, அந்தப் பணத்தைக் காடும் நீர்நிலையும் பூங்காவும் வாங்கவே செலவிட ஏற்பாடு செய்தார். இந்தக் காரியத்துக்கு என்று பெயர் சொல்லி வாங்கினால் மக்கள் தயங்காமல் கொடுப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இப்போது 2011-ன் முன்மொழிவுக்கு வருகிறேன். அதில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று கவனமாகப் பாருங்கள். மானியம் ரத்து. உள்ளாட்சிகள் மறுசுழற்சித் திட்டம் நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயமும் ரத்து. ஆனால் பேப்பரையும் பாட்டிலையும் புதைக்கக் கூடாது என்ற தடை அப்படியே இருக்கும். டன்னுக்கு 7 டாலர் கட்டணம் அப்படியே இருக்கும். மறுசுழற்சி நிதியத்தின் பெயர் பொருளாதார வளர்ச்சி நிதியம் என்று மாறும். தொழில் நிறுவனங்கள் மறுசுழற்சிக்கென்று கட்டிவந்த மிகைவரியின் பெயரும் பொருளாதார வளர்ச்சி மிகைவரி ஆகும். திருப்பணிக்கென்று உண்டியலில் விழுந்த காசை எடுத்துக் கடைத்தெரு கட்டிவிட்டு, உண்டியலை மட்டும் அங்கேயே வைத்திருப்பது போன்ற ஏற்பாடு.

கட்டாயத்தை நீக்கியதை ஊர்களுக்குக் கொடுத்த சுதந்திரம் என்றார்கள். அந்தச் சுதந்திரத்தை ஒரு வீட்டுக்காரியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்ப்போம். சிற்றூர் ஒன்றில் இருக்கிறாள். பணமில்லை என்று ஊராட்சி சேகரிப்பை நிறுத்திவிட்டது. அப்படி நிறுத்த இப்போது அதற்கு உரிமை உண்டு. அவள் கையில் ஒரு வாரச் செய்தித்தாள் கட்டு இருக்கிறது. குப்பையோடு சேர்த்துப் போட்டால் சட்டவிரோதம். வாசலில் வைத்தால் எடுக்க ஆளில்லை. காரை எடுத்துக்கொண்டு பக்கத்து நகரத்துக்குப் போக வேண்டும், அல்லது தனியார் வண்டிக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும், அல்லது யாரும் பார்க்காமல் கறுப்புப் பையில் கட்டிப் போட வேண்டும். பலர் மூன்றாவதைத்தான் செய்வார்கள். நேர்மையான குடிமக்களைச் சட்டத்தை மீறும் நிலைக்குத் தள்ளும் எந்த ஏற்பாட்டையும் சுதந்திரம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அரசுத் தரப்பின் வாதங்களையும் சொல்லியாக வேண்டும். மாநிலத்துக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் 360 கோடி டாலர் பற்றாக்குறை வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அது கற்பனைப் பூதம் அல்ல. 2008-ன் நிதி நெருக்கடி எல்லா மாநிலங்களையும் அடித்திருந்தது. இன்னொரு வாதம், மறுசுழற்சி இப்போது லாபமான தொழிலாகிவிட்டது, அலுமினியத்துக்கும் அட்டைக்கும் நல்ல விலை இருக்கிறது, ஊர்கள் விற்றுச் சமாளித்துக்கொள்ளட்டும் என்பது.

விலை வாதத்துக்குப் பதில் ரொம்ப தூரத்தில் இல்லை. 2008 இலையுதிர் காலத்தில் பழைய காகிதத்தின் விலையும் உலோகத்தின் விலையும் சில வாரங்களுக்குள் சரிந்தன. நம் ஊர்க் காயலாங்கடைக்காரர்களும் அந்த மாதங்களை மறந்திருக்க மாட்டார்கள். விலை இறங்கிய மாதத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஏறிய மாதத்தில் மறுபடி ஓட்ட முடியுமா? மேடிசன் 2005-ல் வீட்டுக்கு வீடு பெரிய தொட்டி கொடுத்து, எல்லா மறுசுழற்சிப் பொருளையும் ஒன்றாகப் போடலாம் என்ற முறைக்கு மாறியது. தொட்டியைத் தானே தூக்கிக் கவிழ்க்கும் லாரிகள், பிரிக்கும் ஆலையோடு ஒப்பந்தம், ஓட்டுநர்கள். இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு வாங்கியவை. பேப்பரைக் குப்பையிலிருந்து தனியே வைப்பது என்ற பழக்கம் இரண்டு தலைமுறையாக வளர்ந்தது; ஒரு வருடம் வண்டி வராவிட்டால் போய்விடும். போன பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர இன்னும் எத்தனை வருடம் பிடிக்கும் என்று துப்புரவுப் பணியில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பற்றாக்குறை வாதத்துக்கும் பதில் உண்டு. இந்த மானியம் பொது வரியிலிருந்து வரவில்லை. மறுசுழற்சிக்கென்று தனியாக வசூலித்த பணம் இது, அந்த வசூல் நிற்கவும் இல்லை. இதை வாக்கர் ஒருவர் மீதே சுமத்துவது நியாயம் ஆகாது. அவருக்கு முன்பிருந்த ஜனநாயகக் கட்சி ஆளுநர் காலத்திலும் மறுசுழற்சி நிதியத்திலிருந்து பொதுக் கணக்குக்குப் பணத்தை மாற்றியிருக்கிறார்கள். பூட்டில்லாத பெட்டியில் பணம் இருந்தால் எல்லாக் கட்சிக்காரர்களின் கையும் நீளுகிறது. மானியம் அதற்கு முன்பே ஊர்களின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. மிச்சத்தை ஊர்கள் ஏற்கெனவே சொத்துவரியிலிருந்து போட்டுக்கொண்டிருந்தன.

சரி, மாநிலம் தராவிட்டால் ஊர் சொத்துவரியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கதவும் மூடியிருந்தது. உள்ளாட்சிகள் சொத்துவரி வசூலை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு மாநிலம் உச்சவரம்பு விதித்திருக்கிறது. அதே 2011 நிதிநிலைச் சட்டம் அந்த வரம்பை இன்னும் இறுக்கியது. புதுக் கட்டடங்கள் வந்தால் அந்த அளவுக்கு ஏற்றலாம், இல்லாவிட்டால் இல்லை. மேலேயிருந்து உத்தரவு, மேலேயிருந்து வெட்டு, கீழே வரி போடவும் தடை. மேடிசனின் எதிர்ப்புக்கு ஆணிவேர் இதுதான் என்று நான் கருதுகிறேன். கைநீட்டி உதவி கேட்ட ஊர் அல்ல அது. ஒப்புக்கொண்ட வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்துகாட்டிவிட்டு, உன் பங்கை நீ செய் என்று கேட்ட ஊர்.

எதிர்ப்பு மேடிசனோடு நிற்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேடிசன் இடதுசாரி ஊர், ஆளுநரை எப்போதும் எதிர்க்கும் ஊர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் நகராட்சிகளின் சங்கம் எதிர்த்தது. வாக்கருக்கு வாக்களித்த வட்டங்களின் அதிகாரிகளும் எதிர்த்தார்கள். சிறிய ஊர்களுக்கு இது இன்னும் பெரிய அடி; வீடுகள் தூரந்தூரமாக இருக்கும், வண்டிச் செலவு அதிகம், சேரும் பொருள் குறைவு. காகித ஆலைகள் இருக்கும் பகுதிகளுக்குத் தங்கள் மூலப்பொருளைப் பற்றிய கவலை. கட்சிச் சண்டை உச்சத்தில் இருந்த அந்த வசந்தத்தில், எல்லா நிறத்து ஊர்களும் ஒரே குரலில் பேசிய சில விஷயங்களில் இது ஒன்று.

சட்டமன்றத்தின் இரு அவைகளும் அப்போது ஆளுநரின் கட்சியான குடியரசுக் கட்சியின் கையில். அவர்களுடைய ஆதிக்கத்தில் இருந்த நிதிக் கூட்டுக்குழுவே ஆளுநரின் முன்மொழிவை அப்படியே ஏற்க மறுத்தது. உள்ளாட்சிகள் திட்டம் நடத்த வேண்டும் என்ற கட்டாயத்தைத் திரும்ப வைத்தது. ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் மானியத்தையும் மீட்டது. ஜூன் இறுதியில் ஆளுநர் கையெழுத்திட்டார்.

இதை வெற்றி என்று அன்று பலர் கொண்டாடினார்கள். பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் வெற்றிதான். ஆனால் முந்தைய தொகையோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது, கட்டணமோ ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. முழுவதையும் வெட்டுவேன் என்று மிரட்டி, ஒரு பங்கை வெட்டிவிட்டு, மீதியைக் கொடுத்ததற்கு நன்றி வாங்கிக்கொள்வது பழைய உத்தி. அந்த உத்தி பலித்தது என்றே சொல்வேன். போராடியவர்கள் மீது இதில் குறை இல்லை. அவர்கள் போராடாவிட்டால் அந்த 1.9 கோடியும் இல்லை.

அதற்குப் பின் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2015-ல் அதே ஆளுநர் அந்தத் தொகையிலிருந்தும் ஓராண்டுக்கு 40 லட்சம் டாலரைக் குறைக்க முன்மொழிந்தார்; அந்த ஆண்டு ஊர்களுக்குக் கிடைத்தது சுருங்கியது. பின்னர் தொகை பழைய இடத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. டீசல் விலையும் சம்பளமும் லாரி விலையும் ஏறிக்கொண்டிருக்க, மானியம் நகரவில்லை. 2018 தொடக்கத்தில் சீனா, கலப்புக் காகிதத்தையும் பலவகைப் பழைய பிளாஸ்டிக்கையும் இனி வாங்க மாட்டோம் என்று துறைமுகத்தை மூடியது. உலகம் முழுவதும் பழைய பேப்பரின் விலை விழுந்தது. பல அமெரிக்க ஊர்கள் மறுசுழற்சிப் பொருளை வாங்கிக்கொள்ளவே பணம் கொடுக்க வேண்டிய நிலை. சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற 2011-ன் வாதம் ஏழே ஆண்டுகளில் என்னவாயிற்று என்று பாருங்கள். விஸ்கான்சினின் ஊர்கள் பெரும்பாலும் வண்டியை நிறுத்தாமல் சமாளித்ததற்கு ஒரு காரணம், கட்டாயமும் கொஞ்சம் மானியமும் சட்டத்தில் தங்கியிருந்ததுதான்.

மேடிசனில் இப்போது நகரவாசிகளின் கட்டணச் சீட்டில் மறுசுழற்சிக்கென்றே ஒரு தனிக் கட்டணம் சேர்ந்திருக்கிறது. மூடிய ஐந்து கிடங்குகளுக்கான கட்டணம் ஏற்கெனவே அதே சீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். நகரின் கிழக்கு ஓரத்தில், மேடிசன் அடங்கிய டேன் வட்டத்தின் ராட்ஃபெல்ட் கிடங்கு நிரம்பிக்கொண்டிருக்கிறது. அடுத்த கிடங்குக்காக 2022-ல் நகராட்சியின் கோல்ஃப் மைதானத்தில் ஒரு பெரும் பகுதியை வட்ட நிர்வாகம் விலைக்கு வாங்கியது. அங்கே புதைப்பதோடு, பழைய பொருளைப் பழுதுபார்த்தும் பிரித்தும் பயன்படுத்தும் தொழில்களுக்கு ஒரு வளாகம் அமைப்பதும் அவர்கள் திட்டம். ஆக, மேடிசன் வீட்டுக்காரர் சொத்துவரியில் ஒரு முறை கட்டுகிறார், மாதச் சீட்டில் ஒரு முறை கட்டுகிறார், கொட்டும் கட்டணத்தின் வழியாக மாநிலத்துக்கும் கட்டுகிறார்.

அந்த 7 டாலர் இன்றும் ஒவ்வொரு டன்னுக்கும் வசூலாகிறது. அதில் ஊர்களுக்குத் திரும்பும் பங்கு எவ்வளவு, வேறு பணிகளுக்குப் போவது எவ்வளவு என்பதை ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் அங்குள்ள நகராட்சிகள் எழுப்புகின்றன. மானியத்தைச் செலவு விகிதத்தோடு சேர்த்து உயர்த்துங்கள் என்று கேட்கின்றன. கேட்பதற்கு அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.